நின்ற வண்டி

வடகோடியில் இருக்கிற மக்பெர்சன் ஊரிலிருந்து தெற்கே போக ஒரே ரோடுதான். தெற்கேயிருந்து வடக்கே வரவும் அதே ரோடுதான். டாசன் முக்கில் போய்ச் சேரும்வரை ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சரளையும் களிமண்ணும். நடுவில் ஈகிள் ப்ளெயின்ஸில் ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு ஓட்டல், ஒரு தொலைபேசி. மற்றபடி வீடு கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். ஓரத்தில் ஒரு வண்டி நின்றால் அந்த வழியாக வருகிற வண்டியும் நின்றாக வேண்டும். பகையாளியின் வண்டி என்றாலும் கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். கேட்காமல் போனவனைப் பற்றி ஊரில் பத்து வருஷம் பேசுவார்கள்.

அந்த ரோட்டில் ஈபன் இருபத்தெட்டு வருஷம் கிரேடர் ஓட்டினார். கோடையில் குழிகளை வழித்துச் சமப்படுத்துவது, குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவது. களிமண்ணைப் பார்த்தே முன்னால் போனது எந்த வண்டி, பாரத்தோடு போனதா, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று சொல்லிவிடுவார். பள்ளத்தில் இறங்கிய வண்டிகளைச் சங்கிலி போட்டு இழுத்துவிட்டதற்குக் கணக்கே இல்லை. அப்படிப்பட்ட மனுஷனின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மகன் டார்சி அப்பாவின் பனிவண்டியை விற்றுக் குடித்துவிட்டான். காட்டில் பொறி வைத்த இடத்துக்குப் போக வண்டியைத் தேடியபோதுதான் ஈபனுக்கு விஷயம் தெரிந்தது. கடை வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னார். "நீ ரோட்டோரமாச் செத்துக் கெடந்தாலும் என் வண்டி நிக்காதுடா." அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் பையன் துடைத்துக்கொண்டு போயிருப்பான். மறுநாள் டார்சி தெற்கே வைட்ஹார்ஸ் நகரத்துக்குப் போனவன்தான், அதற்கப்புறம் அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்த ஆகஸ்டில் அம்மா பெர்தாவுக்கு அவன் தொலைபேசியில் பேசினான். சித்தி ஹேசல் வீட்டில் இருக்கிறானாம். குடியை விட்டு நாற்பது நாள் ஆகிறதாம். வைட்ஹார்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்பு விடுதியில் அவனுக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். குடும்பத்தில் ஒருத்தர் கூடப் போய் முதல் வாரம் அங்கேயே தங்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்புறம் பனி உருகின பிறகுதான். பனி உருகும்வரை அவன் தாங்க மாட்டான் என்று பெர்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பா வருவாராம்மா?" என்று கேட்டான்.

"கேட்டுப் பாக்குறேன்யா" என்றாள்.

பன்னிரண்டு நாள் ஈபன் பதிலே சொல்லவில்லை. ஆற்றில் வலை போட்டார், மீன் கொண்டுவந்து போட்டார். பெர்தா அறுத்து அறுத்துப் புகைக்கொட்டகையில் தொங்கவிட்டாள். புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, "காலைல மொதப் படகு ஒம்போது மணிக்கு" என்றார். அவ்வளவுதான். பெர்தா எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முகத்தைக் காட்டினால் அவர் மனசு மாறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"ஹேசலுக்கு ஒரு போன் போட்டுருறேன்."

"போடாத. நான் வாரேன்னு தெரிஞ்சா ஓடிருவான். போய் நிப்போம். நேர்ல பாத்துட்டா ஓட மாட்டான்."

வியாழக்கிழமை பீல் ஆற்றில் வண்டிப்படகு ஏறும்போது வானம் சுத்தமாக இருந்தது. இலை பழுத்து மலையெல்லாம் சிவந்து கிடந்தது. பத்து நாளில் இந்தச் சிவப்பும் போய்விடும். படகுக்காரன் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினான்.

"என்ன ஈபன், மீன விட்டுட்டு எங்க கெளம்பிட்டே? பொண்டாட்டிய ஊர் சுத்திக் காட்டப் போறியா?"

"அவதான் என்னைச் சுத்துறா" என்றார் ஈபன். பெர்தா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மடியில் துணிப்பையை வைத்திருந்தாள். உலர்ந்த காரிபூ மான் இறைச்சி, நேற்றுச் சுட்ட ரொட்டி, புகையில் வாட்டிய மீன். பாதி டார்சிக்கு என்று தனியாகக் கட்டியிருந்தாள். மாகாண எல்லை மேட்டருகே முப்பது நாற்பது காரிபூ ரோட்டைக் கடந்து போயின. இந்த வருஷத்து முதல் கூட்டம். வேறு நாளாக இருந்தால் ஈபன் துப்பாக்கியோடு இறங்கியிருப்பார். அன்று அவை கடக்கும்வரை இன்ஜினை அணைக்காமல் காத்திருந்து, போனதும் கிளப்பிவிட்டார்.

"அவனப் பாத்ததும் என்ன சொல்லப் போறே?" என்று கேட்டாள் பெர்தா.

"என்னத்தச் சொல்ல? வண்டில ஏறுன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"ஏறினப்பறம் பேசிக்கலாம்."

"ஒன்னைய எனக்குத் தெரியாதா? ஏறினப்பறம் ரோட்டப் பத்திப் பேசுவே. இந்த வளவுல தண்ணி நிக்குது, அந்தப் பாலத்துல பலகை ஆடுதுன்னு பேசிக்கிட்டே வருவே. பையனும் ம்ம் ம்ம்னு கேட்டுக்கிட்டு வருவான்."

"ரோட்டப் பத்திப் பேசுனா என்ன தப்பு?"

"கெழவா, கட வாசல்ல சொன்னியே, அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லு. அந்த ஒண்ணு போதும் அவனுக்கு."

ஈபன் ஒரு குழியைச் சுற்றி வண்டியை ஒடித்துத் திருப்பினார். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதச் சொல்லத்தானே ஆயிரம் கிலோமீட்டர் போறேன்" என்றார்.

பெர்தா அவர் தொடையில் கையை வைத்து எடுத்தாள்.

ஈகிள் ப்ளெயின்ஸுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது கல் கிழித்துப் பின்சக்கரம் போய்விட்டது. மாற்றினார்கள். கிழிந்த டயரை ஒட்டாமல் மேலே போக அவருக்குத் துணிச்சல் இல்லை. இந்த ரோட்டில் உபரி டயர் இல்லாமல் போவது வெறுங்காலோடு முள்ளில் இறங்குவது மாதிரி. ஓட்டல் பட்டறையில் ஒட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: பலத்த மழை, ஒகில்வி ஆற்றோரம் ரோடு மாலைக்குள் அடைக்கப்படலாம்.

அந்த இடம் ஈபனுக்குத் தெரியும். மழை நாலு மணி நேரம் நின்று பெய்தால் ஆறு ஏறி ரோட்டின் விளிம்பைக் கடித்துவிடும். ரோட்டின் குறுக்கே கதவு போட்டு அடைத்துவிட்டால் ரெண்டு நாள், சில சமயம் மூணு நாள். அவரே எத்தனையோ தடவை அந்தக் கதவை இழுத்துப் பூட்டியிருக்கிறார்.

மோரிஸ் தேநீர்க் கோப்பையோடு வந்தான். எண்ணெய் லாரி ஓட்டுபவன். பெர்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன்.

"என்ன மாமா, அத்தையையும் கூட்டிட்டு? நானும் தெக்கதான். இன்னும் அரமணி நேரத்துல கெளம்புறேன். காலி லாரிதான்."

"நாங்க முன்ன போறோம்டா. கதவு போடுறதுக்குள்ள ஆத்தத் தாண்டணும்."

பெர்தா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஹேசல்ட்ட மட்டும் சொல்லி வெச்சிருவோமா? ஒரு நிமிஷம்."

"இத்தன தூரம் வந்தாச்சு. இப்பச் சொல்லிக் கெடுக்காத. ஏறு."

அவள் ஏறினாள். அந்த ஒரு நிமிஷத்தை அவள் அப்புறம் எத்தனை தடவை நினைத்து நினைத்து நொந்தாள் என்பதைச் சொல்லி முடியாது.

பத்து கிலோமீட்டர் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரோடு குழைந்து சேறாகிவிட்டது. வண்டியின் பக்கக் கண்ணாடிகளில் சேறு அப்பிக்கொண்டது. முன்கண்ணாடியில் துடைப்பான் வழித்த இடம் மட்டும்தான் உலகம். மூன்று மணி சுமாருக்கு இருநூற்று அறுபத்து மூன்றாம் கிலோமீட்டரில், மரம் செடி எதுவும் இல்லாத மேட்டின் முதுகில், ஒரு சின்ன நீலக் கார் எதிர்ப்பக்க ஓரத்தில் சாய்ந்து நின்றது. வடக்கே பார்த்து நின்றது.

ஈபனின் கால் தன் பாட்டுக்கு பிரேக்குக்குப் போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வண்டி வேகம் குறைந்தது.

"டூரிஸ்ட்" என்றார். "இந்த மாதிரிக் கார எடுத்துக்கிட்டு எவன் இந்த ரோட்டுக்கு வாரான் பாரு."

"நிறுத்து, பாப்போம்."

"நிறுத்தினா டயர் மாத்தணும். அவன்கிட்ட டயர் இருக்காது. அப்பறம் திரும்பவும் ஈகிள் ப்ளெயின்ஸ்தான்." கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "மோரிஸ் பின்னாலயே வாரான். அவன் பாத்துக்கிடுவான்."

காலை எடுத்து மறுபடி அழுத்தினார். கார் பின்னால் போனது. பெர்தா தன் பக்கக் கண்ணாடியில் சேற்றுக்கு நடுவே பார்த்தாள். காரின் மறுபக்கத்திலிருந்து யாரோ எழுந்திரிப்பது தெரிந்தது. ரோட்டுக்கு நடுவே வந்து கையைத் தூக்கினாற்போல இருந்தது.

"ஈபன், யாரோ கை காட்டுறாங்க."

"மோரிஸ் வாரான்னு சொல்லுறேன்ல."

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனபின், யாரும் கேட்காமலே அவர் மறுபடி, "மோரிஸ் இந்நேரம் நிறுத்தியிருப்பான்" என்றார். அவர் வாழ்க்கையில் நிறுத்தாமல் தாண்டிய முதல் வண்டி அது.

ஒகில்வி ஆற்றோரத்தில் தண்ணீர் ரோட்டுக்கு ஒரு முழம் கீழே ஓடியது. கதவு போடவில்லை. மழை வெறித்துவிட்டதால் அன்று கடைசிவரை போடவும் இல்லை. டாசன் முக்கைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறியபோது ஈபன் பெருமூச்சு விட்டார். ஸ்டூவர்ட் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஒதுக்கி இருக்கையிலேயே தூங்கிவிட்டு, விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்கு வைட்ஹார்ஸில் ஹேசல் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வண்டியை விட்டு இறங்குமுன் ஈபன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பெர்தா அதைப் பார்த்தாள்.

ஹேசல் கதவைத் திறந்தாள். அவர்களைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

"யாரு?" என்றாள் பெர்தா.

"டார்சி. ஒங்ககூட வரலியா?" ஹேசலின் குரல் மாறியது. "நேத்து விடியக்கால நாலு மணிக்கே ஒங்களத் தேடிக் கெளம்பிட்டானே அக்கா. அப்பாகிட்ட போன்ல கேட்டா வெச்சிருவாரு, நேர்ல போய் நிக்குறேன், நேர்ல பாத்தா வரமாட்டேன்னு சொல்ல மாட்டாருன்னு சொன்னான். நான் எவ்வளவோ சொன்னேன். ஒங்க வீட்டுக்கு ஒம்போதரைலருந்து போன் போட்டுப் போட்டுப் பாத்தேன். யாரும் எடுக்கல."

"எதுல போனான்?" என்று கேட்டார் ஈபன்.

"என் கார்லதான். போன மாசம் வாங்கினேன், நீங்க பாக்கல. சின்னது, நீலம்."

ஈபன் படியில் உட்கார்ந்துவிட்டார். பெர்தாவின் கையிலிருந்த துணிப்பை கீழே விழுந்தது. ஹேசல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்" என்று அரற்றினாள். ஈபன் எழுந்து வண்டியைக் கிளப்பினார். வந்த வழியே திரும்பினார்கள்.

வழியில் கார்மாக்ஸ் ஊரில் பெட்ரோல் போடும்போது அது வழிந்து அவர் காலில் சிந்தியது. அவருக்குத் தெரியவே இல்லை. பெர்தாவுக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. ரெண்டையும் செய்யவில்லை. "மோரிஸ் நிறுத்தியிருப்பான்" என்று மட்டும் சொன்னாள். நேற்று அவர் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த ஊரான பெல்லியில் கடைக்கு முன்னால் மோரிஸின் லாரி நின்றது. அவர்களைக் கண்டதும் அவன் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். பக்கத்தில் வந்தவன் மாமா முகத்தைப் பார்க்கவில்லை.

"டார்சிய ஏத்தினியாடா?" என்றாள் பெர்தா.

"ஏத்தினேன் அத்தை. எரநூத்து அறுவத்து மூணுல நின்னான். ரெண்டு டயர் போச்சு, ஒரு உபரி டயர்தான் வெச்சிருந்தான். தொப்பலா நனைஞ்சிருந்தான். மேலுக்குச் சுகந்தான்."

"குடிச்சிருந்தானா?" என்றார் ஈபன்.

மோரிஸ் இப்போது அவரைப் பார்த்தான். "இல்ல மாமா. ஒரு சொட்டு இல்ல."

"என்ன சொன்னான்?"

"வேண்டாம் மாமா."

"சொல்லுடா."

மோரிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஈகிள் ப்ளெயின்ஸுக்குத் திருப்பி விடட்டுமான்னு கேட்டேன், வீட்டுக்குப் போயிரலாம்னேன். வேண்டாம்னான். அப்பறமா, அப்பா வண்டி போச்சுன்னான். எங்கடான்னேன். இப்பதான் போச்சு, வேகத்தக் கொறச்சாரு, என்னையப் பாத்தாரு, போயிட்டாருன்னான்." மோரிஸ் தொப்பியைக் கையில் திருப்பினான். "அப்படியெல்லாம் இருக்காதுடா, மழையில தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன். அதுக்கு அவன், அவரு சொன்னா சொன்னதுதான், ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாரு, நான்தான் நம்பலன்னான். கோவமாச் சொல்லல மாமா. சும்மா, மழை பெய்யுதுங்கிற மாதிரி சொன்னான்."

பெர்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாசன் முக்குல எறங்கிக்கிட்டான். நான் அங்கதான் தங்கினேன், கூட இருடான்னு சொன்னேன். சாப்பாடு வாங்கிட்டு வந்து பாக்குறேன், ஆளக் காணோம். தெக்க போற ஏதோ ஒரு லாரில ஏறிட்டான்னு பம்புப் பொண்ணு சொல்லிச்சு. எந்த லாரி, எந்த ஊர்னு அதுக்குத் தெரியல."

தெற்கே போகிற லாரி. அது ஸ்டூவர்ட் பாலத்தைத் தாண்டித்தான் போயிருக்கும். பாலத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிய வண்டியில் இவர்கள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். ஈபனுக்கு அது அப்போதே புரிந்துவிட்டது. பெர்தாவுக்குப் புரிய வேண்டாம் என்று வேறு கேள்வி கேட்டார்.

"கையில என்ன வெச்சிருந்தான்?"

"ஒண்ணுமில்ல. பைய எடுக்கலியாடான்னு கேட்டேன். கார்லயே கெடக்கட்டும்னான்."

பெர்தா கடைத் தொலைபேசியில் ஹேசலிடம் பேசினாள். மீட்பு விடுதிக்கும் பேசினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாலு மணிவரை வைத்திருக்கிறோம் அம்மா, அதற்குமேல் முடியாது என்றாள். போலீஸில், வயசுக்கு வந்த ஆள், தானாகப் போயிருக்கிறார், எழுதி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை.

"அவன் பைய எடுக்கத் திரும்பி வருவான்" என்றார் ஈபன். "துணிமணியெல்லாம் அதுலதானே இருக்கும். குளிர் வருதுல்ல."

வரமாட்டான் என்று பெர்தாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் வேறு எங்கே போவது? வடக்கே போனார்கள். டாசன் முக்கில் திரும்பியபோது மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். வண்டிக் கடிகாரத்தில் நாலு ஆனதை ரெண்டு பேரும் பார்த்தார்கள்.

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. வெயில் சாய்ந்து தரை முழுக்கச் சிவந்து தெரிந்தது. நீலக் கார் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. சாவி காரிலேயே இருந்தது. பின்னிருக்கையில் பை. பெர்தா உட்கார்ந்து திறந்தாள். ரெண்டு சட்டை, ஒரு கம்பளி, மீட்பு விடுதியின் காகிதம். கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் ஈபனின் முழுப்பெயர், டார்சியின் கோணல் எழுத்தில். உறவு என்ற இடத்தில், அப்பா. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

அவள் அதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்கப்புறம் காற்று அடித்ததால் களிமண் இறுகிப்போயிருந்தது. நடுவில் லாரிகள் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு நேற்றைய மண் அப்படியே இருந்தது. அதில் கால்தடம். காரிலிருந்து தெற்கே போனது, அவர் வண்டி போன திசையில். குதிகால் பதியவில்லை. விரல்பக்கம் மட்டும் ஆழமாகக் குத்தியிருந்தது. தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி.

"ஓடியிருக்கான்" என்றார்.

பெர்தா அழுதாள். "பாக்காத ஈபன். போதும், வா."

அவர் தடத்தின் ஓரமாகவே நடந்தார். ஓர் இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறான், கை பதிந்திருந்தது. எழுந்து மறுபடி ஓடியிருக்கிறான். நூறு தப்படி, நூற்றைம்பது, இருநூறு. இருநூற்றுப் பதினோராவது தப்படியில் ரெண்டு காலும் சேர்ந்து பதிந்திருந்தன, குதிகாலும் விரலும் முழுசாக. அங்கே வெகு நேரம் நின்றிருக்கிறான். ஈரத்தில் கால் அழுந்தி அழுந்திக் குழி விழுந்திருந்தது. அங்கிருந்து தடம் திரும்பிக் காருக்கே போனது. சின்னச் சின்னத் தப்படி, அவசரமே இல்லாமல்.

ஈபன் அந்தக் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். மேலே மண் சரியாமல் ரெண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டார்.

வடக்கேயிருந்து ஒரு வண்டி வந்தது. வேகத்தைக் குறைத்து நின்றது. கண்ணாடி இறங்கியது. முன்பின் தெரியாத ஒரு வெளியூர்க்காரன் தலையை நீட்டி, "எல்லாம் சரியா?" என்று கேட்டான். ஈபன் தலையைத் தூக்கவில்லை. பெர்தாதான் கையைக் காட்டி, போங்கள் என்றாள்.

இருட்டும்வரை அந்த மேட்டில் ஐந்து வண்டிகள் வந்தன. ஐந்தும் நின்றுதான் போயின.